அக்கரைக்கு வளர்ந்த பனி

வேட்டைக்காரன் கவிகாக் கடலில் மூழ்கிப்போய் ஐந்து வருடம் கழிந்த ஜூலையில், எங்கள் குடாவின் குறுக்கே ஒன்றரை முழ அகலத்துக்கு, ஏழு கிலோமீட்டர் நீளமாகப் பனிக்கட்டி கரையாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் நீலத் தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது. கரையருகே கனம் இரண்டு மீட்டர் பதினான்கு சென்டிமீட்டர். அதே வாரம் சரக்குக் கப்பல் வந்து கடைக்கு உருளைக்கிழங்கும் வெங்காயமும் இறக்கியது. வெங்காயத்தில் பாதி அழுகல். வடகோடியில் இருக்கும் எங்கள் ஊர் நூகாக்கில் நாங்கள் நூற்றுப் பதினான்கு பேர் இருந்தோம், எல்லாரும் வெங்காயத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். பனி அப்படிக் கிடப்பது அது நான்காவது கோடை. பழகிவிட்டது.

அந்தப் பாதையை உண்டாக்கியவள் கவிகாக்கின் மனைவி பொலெத்தே. உண்டாக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் அவள் நினைக்கவில்லை. கவிகாக் மே மாதத்து ஒரு காலையில் நாய்வண்டியில் சீல் வேட்டைக்குப் போனான். எல்லாரும் நாற்பது வருடமாகக் கடக்கிற அதே இடத்தில் பனி உடைந்து உள்ளே போய்விட்டான். மூழ்குவதற்குள் நாய்களைப் பூட்டிய வாரைக் கத்தியால் அறுத்துவிட்டிருக்கிறான். பதின்மூன்று நாய்களும் சொட்டச் சொட்ட வீடு வந்து சேர்ந்தன. மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. கல்லடுக்கிப் புதைத்தோம். பதினோராம் நாள் எதிர்க்கரையில், அக்கியாவில், மாரித்தா என்பவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அக்கியா என்றால் எங்கள் மொழியில் அக்கரை என்றுதான் அர்த்தம். அங்கே இருப்பது பன்னிரண்டு வீடு. எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்போம். ஆண் பெயரா பெண் பெயரா என்று பார்ப்பதில்லை. பெயரோடு ஆளும் வந்துவிடுவார் என்பது கணக்கு. மாரித்தா பிரசவித்த மறுநாளே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு. மூணு கிலோ நானூறு. தலை நெறைய முடி."

"அவருக்கு ஏதுடி முடி? கல்யாணத்தன்னிக்கே வழுக்கைதானே," என்றாள் பொலெத்தே. அழுகையும் சிரிப்புமாகப் பேச்சு குழறியது. "பசிக்குதா பாரு. முழிச்ச ஒடனே அவருக்குப் பசிக்கும். இல்லேன்னா ஊரைக் கூட்டுவாரு."

"ரெண்டு தடவை கூட்டியாச்சு," என்றாள் மாரித்தா.

முதல் கோடையில் பொலெத்தே வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இரண்டாவது கோடையில், பிள்ளைக்கு ஒரு வயது முடிந்தபின், சீல் தோலில் இரண்டு விரல் நீளக் காலணி ஒரு ஜோடி தைத்து எடுத்துக்கொண்டு படகில் அக்கியாவுக்குப் போனாள். அவள் வாசலில் கால் வைத்ததும் குழந்தை கண்ணை மூடிக்கொண்டது. நாலு நாள் இருந்தாள், நாலு நாளும் குழந்தை கண் திறக்கவில்லை. கண்ணை மூடியபடியே கஞ்சி குடித்தது, கண்ணை மூடியபடியே தவழ்ந்தது, ஒரு தடவைகூட மேசைக்காலில் முட்டிக்கொள்ளவில்லை. பொலெத்தேயின் படகு முனையைத் தாண்டி மறைந்த பிறகுதான் கண்ணைத் திறந்து பால் கேட்டதாம். இது பொலெத்தேயிடம் மட்டும் காட்டிய வீம்பும் இல்லை. திறந்த தண்ணீரில் படகேறி வந்த யாரையுமே அது பார்க்கவில்லை. மீன்பிடிக்கிற சொந்த அப்பனுக்கே கோடை முழுக்க அதே மரியாதைதான். அந்த மனிதன் மனம் வெறுத்துப்போய், படகை மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டுக் கடையில் மூட்டை தூக்கப் போனான். ஆனால் முந்தைய குளிர்காலத்தில் வடக்கேயிருந்து கரையோரப் பனியில் நாய்வண்டியோட்டி வந்த ஒருவரை மட்டும் குழந்தை கண்கொட்டாமல் பார்த்து, மூக்கைப் பிடித்து இழுத்து விளையாடியது. தண்ணீரில் செத்தவனுக்குத் தண்ணீரில் வருகிறவர்களைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று ஊர் தீர்த்துச் சொல்லிவிட்டது.

பொலெத்தேயின் மனதில் வேறு ஒன்று இருந்தது. அன்று காலை கவிகாக் கிளம்பும்போது, முந்தைய நாள் சண்டையின் மிச்சமாக, அவள் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள். அவன் கதவருகே கொஞ்ச நேரம் நின்றான். அவள் திறக்கவில்லை. சண்டை எதற்கு என்றால், காபிப் பாத்திரத்தைக் கழுவாமல் வைத்ததற்கு. அதனால்தான் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவன் ஒரு தடவை கண்ணைத் திறந்து தன்னைப் பார்த்தால் போதும். அது எந்த முகத்திலிருந்து வரும் பார்வையாக இருந்தாலும் சரி. படகில் போய்ப் பயனில்லை. தரைவழியே இரண்டு பனியாறுகள் குறுக்கே. ஹெலிகாப்டர் அக்கியாவில் இறங்குவதில்லை. மிச்சம் இருப்பது கடல்மேல் உறையும் பனி ஒன்றுதான், அதுவோ வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே போனது. முன்பெல்லாம் அக்டோபரில் உறைந்து ஜூன்வரை நிற்கும் குடா, இப்போது நடுவில் பிப்ரவரியிலும் கறுப்பாகத் திறந்து கிடந்தது. பிள்ளைக்கு முதல் பால்பல் விழுந்துவிட்டால் பழைய ஆளின் ஞாபகம் போய், அது அதுவாகவே ஆகிவிடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஆக அவளுக்கு இருந்த கெடு பிள்ளைக்கு ஆறு வயதாகும்வரை, மிஞ்சிப்போனால் ஏழு.

அந்த இலையுதிர்காலத்தில்தான் டோர்பென் வந்தார். கடற்பனி எப்படி வளர்கிறது, அடியில் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று ஆராய்கிறவர். நல்ல மனிதர். எங்கள் மொழியை வானொலிச் செய்தி கேட்டே கற்றவர் என்பதால் பேசினால் செய்தி வாசிப்பது போலிருக்கும். வாரம் ஒருமுறை பனியில் துளைபோட்டு அளக்க உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும் என்றார். வேட்டைக்காரர்கள் சிரித்தார்கள். பொலெத்தே கையைத் தூக்கினாள். பனி தன்னைத் தாங்குகிற நாளை எல்லாருக்கும் முன்னால் தெரிந்துகொள்ளலாம் என்பது அவள் கணக்கு. டோர்பென் ஒரு நீண்ட திருகுத் துளைக்கருவியும், அடியில் கொக்கி வைத்த கோலும், தண்ணீரின் சூட்டையும் உப்பையும் குறித்துக்கொள்ளும் ஒரு குழாயும், நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகமும் கொடுத்தார். துளை போட வேண்டும், கோலை விட்டுக் கொக்கியைப் பனியின் அடியில் மாட்டி இழுத்து எண்ணைப் படிக்க வேண்டும், பிறகு குழாயைக் கயிற்றில் கட்டி இருநூறு மீட்டர் இறக்கி ஏற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான்.

பொலெத்தே வாரம் ஒருமுறை போகவில்லை, தினமும் போனாள். கரையிலிருந்து அறுநூறு மீட்டரில் ஒரே இடம். சூரியன் இல்லாத மாதங்களிலும், நடுப்பகலில் தெற்கே கொஞ்சம் வெளிறும்போது, அங்கே போய் நின்று அக்கியா இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேலை இருந்தால் அளப்பாள், இல்லாவிட்டால் சும்மா நிற்பாள். குளிர் தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்து மிதிப்பாள். ஏப்ரலில் டோர்பென் வந்து நோட்டைப் புரட்டியபோது, மற்ற இடங்களில் எல்லாம் ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் இருந்த பனி, பொலெத்தேயின் துளையில் நூற்று நாற்பது.

"தங்கள் அளவுகள் எமக்குப் பெரும் வியப்பை அளிக்கின்றன," என்றார் டோர்பென்.

"செய்தி முடிஞ்சா காபியைக் குடிங்க தம்பி, ஆறுது," என்றாள் பொலெத்தே. "நான் பொய்யா எழுதுறேன்?"

அவர் அவளோடு அங்கே போய்ப் பார்த்தார். பார்த்ததும் நெற்றியில் தட்டிக்கொண்டார். பொடிப்பனி மெத்தை போல மேலே மூடியிருந்தால் கடலின் சூடு வெளியே போகாது, பனிக்கட்டி மெதுவாகத்தான் வளரும். மிதித்து மிதித்து அதைத் தட்டையாக்கிவிட்டால் குளிர் நேராக உள்ளே இறங்கும், கட்டி அடியில் தடித்துக்கொண்டே போகும். இது உண்மையான விஷயம், பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். "தாங்கள் கடற்பனியை அளக்கவில்லை. தாங்கள் நின்றதை அளந்திருக்கிறீர்கள்," என்றார் டோர்பென். அறிவியலுக்கு அந்த வருடத்து எண்கள் உதவாது, இனிமேல் ஒவ்வொரு வாரமும் மிதிபடாத புது இடத்தில் துளை போட வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பொலெத்தே தலையாட்டினாள். அவள் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான். அந்தக் கோடையில் குடா முழுக்க உருகித் தண்ணீரானபின், கரையிலிருந்து அந்தத் துளைவரை அவள் நடந்த தடம் மட்டும் அறுநூறு மீட்டருக்கு வெள்ளையாக நின்றது. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதில்லை.

அடுத்த குளிர்காலத்திலிருந்து அவள் இரண்டு வேலை பார்த்தாள். டோர்பெனுக்காக மிதிபடாத இடங்களில் நேர்மையாக அளந்தாள். அந்த எண்கள் வருடாவருடம் சிறுத்துக்கொண்டே வந்தன, அடித்தண்ணீர் வருடாவருடம் சூடேறியது. தனக்காக அக்கியாவை நோக்கி நடந்தாள். இரும்பு முனைக் கழியால் முன்னே மூன்று தடவை குத்துவாள். மூன்றாவது குத்திலும் முனை உள்ளே போகாவிட்டால் ஓரடி வைப்பாள், நிற்பாள், மிதிப்பாள், திரும்புவாள். மறுநாள் அதே தடத்தில் வந்து இன்னும் ஓரடி. சில நாள் நூறடி கிடைக்கும், சில வாரம் ஒன்றும் கிடைக்காது. அந்தக் குளிர்காலம் முடியும்போது மூன்று கிலோமீட்டர், அடுத்ததில் ஐந்து, அதற்கடுத்ததில் ஏழு. நடுக்குடாவில் நீரோட்டம் இழுக்கிற இடத்தில் மட்டும் பதினேழு நாள் ஒரே அடியில் நின்றாள். நின்றபோது என்ன நினைத்துக்கொண்டாய் என்று கேட்டதற்கு, காபிப் பாத்திரத்தை நினைத்துக்கொண்டேன் என்றாள். 

கோடையில் படகுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மீன் தென்பக்கம், ஊர் வடபக்கம், நடுவில் பொலெத்தே. ஊர்க்கூட்டத்தில் பீத்தாராக் எழுந்து நின்று மேசையைத் தட்டினான்.

"அவ புருஷனைப் பாக்கப் போறா, சரி. அதுக்கு நான் என் படகைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் திரியணுமா?"

"உன் பொண்டாட்டி உன்னைப் பாக்க ஏழு கிலோமீட்டர் நடப்பாளாடா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏழு வீடு நடக்கமாட்டா," என்றாள் அவன் மனைவியே. கூட்டம் சிரித்ததில் தீர்மானம் என்னவென்று எழுத மறந்துபோனது. பிறகு பீத்தாராக்கே இரண்டாவது கிலோமீட்டரில், தாழ்வான ஓரிடத்தில், படகை இழுத்துக் கடத்தப் பலகை அடித்துக் கொடுத்தான். பலகைக்கு அவன் பெயர்தான் இன்றும்.

ஏழாம் கோடையில் பாதை ஒன்பது கிலோமீட்டரை எட்டியிருந்தது. வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்றை டோர்பென் அனுப்பினார். கறுப்புத் தண்ணீரில் எங்கள் கரையிலிருந்து நூலிழையாக ஒரு கோடு. அக்கியாவின் கரையை ஒட்டி, தனியாக, ஒரு வெள்ளைப் புள்ளி. "அக்கரையில் அளவை மேற்கொண்டிருப்பவர் யார் என்பதை அறிய விரும்புகிறோம்," என்று கீழே எழுதியிருந்தார். அக்கரையில் யாரும் அளக்கவில்லை. பொலெத்தே மாரித்தாவைக் கூப்பிட்டாள்.

"அங்க தண்ணியோரம் யாரு நிக்கிறது?"

"வேற யாரு, உங்க வீட்டுக்காரர்தான்," என்றாள் மாரித்தா. "நாலு வயசுலேருந்து இதே கூத்து. பள்ளிக்கூடம் விட்டா நேரா அங்கதான். ஒரு அடி முன்ன போகாது, பயம். பின்னயும் வராது. ஒரே எடத்துல நின்னு குதிச்சிக்கிட்டே இருக்கு. என்னடி பண்றேன்னு கேட்டா, 'நிக்கிறேன்'ங்குது. சோத்துக்குக் கூப்பிட்டாக்கூட வராதுக்கா."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீங்க இதைக் கேட்டா அவசரப்பட்டு மெல்லிசுல காலை வைப்பீங்க. அப்புறம் யாரு பேரை யாருக்கு வைக்கிறது?"

 "பல்லு ஆடுதா?" என்று கேட்டாள் பொலெத்தே. இன்னும் இல்லை என்றாள் மாரித்தா.

அந்தக் குளிர்காலம் நாங்கள் அறிந்ததிலேயே மோசமானது. ஜனவரியில் மழை பெய்தது. மிதிபடாத இடங்களில் டோர்பெனுக்காக அவள் எழுதிய எண் முப்பத்தொன்று, பிறகு இருபத்தெட்டு. பொலெத்தே ஐம்பத்தைந்து வயதில் நாளுக்கு இருபது கிலோமீட்டர் நடந்தாள். காபியைக் குடுவையில் கட்டிக்கொண்டு, துளைக்கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு, போக வர அதே தடம். இரண்டு தடவை இடுப்புவரை தண்ணீரில் இறங்கினாள், இரண்டு தடவையும் கழியைக் குறுக்கே போட்டு ஏறிவந்தாள். மார்ச்சில் அக்கியாவின் வீடுகள் நிறம் தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டாள். ஏப்ரல் ஒன்பதாம் தேதி மாரித்தா கூப்பிட்டு, பல் ஆட ஆரம்பித்துவிட்டது, ஆப்பிள் கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். வீட்டில் எல்லாருக்கும் கஞ்சிதான். பன்னிரண்டு வீடும் ஆப்பிளை ஒளித்துவைத்தன. பதினேழாம் தேதி, யாரும் ஒன்றும் செய்யாமலே, பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கையில் பல் தானாக விழுந்தது.

பதினெட்டாம் தேதி மதியம் இரண்டு மணிக்குப் பொலெத்தேயின் பாதை அந்த வெள்ளைப் புள்ளியைத் தொட்டது. மூன்று அடி அகல வட்டம் அது. அதன் நடுவே சிவப்புக் குல்லாய் போட்ட ஒரு பெண்பிள்ளை குதித்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் குதிப்பதை நிறுத்தித் திரும்பினாள். கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன. கொஞ்சம் பழுப்பு, இமை அடர்த்தி. பொலெத்தேயைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கவிகாக்கின் கண் அல்ல அது. அந்தக் கண்ணில் அவளைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"நீங்க யாரு?" என்றாள் பிள்ளை. முன்பல் இருந்த இடத்தில் காற்று வந்தது.

ஏழு வருடமாகப் பொலெத்தே சேர்த்துவைத்திருந்த பேச்சு நிறைய. பாத்திரத்தைப் பற்றி, அந்தக் காலையைப் பற்றி, தூங்கவில்லை என்பதைப் பற்றி. அதில் ஒன்றும் அந்தச் சின்ன முகத்திடம் சொல்லக் கூடியதாக இல்லை.  ஒருநாள், ஒரே ஒருநாள் தாமதம். பொலெத்தே தோளிலிருந்த துளைக்கருவியை இறக்கிப் பனியில் வைத்தாள்.

"பனி அளக்கிறவ," என்றாள்.

"நான் இங்க தெனமும் நிப்பேன்," என்றாள் பிள்ளை. "எதுக்குன்னு மறந்துபோச்சு. நேத்து வரைக்கும் தெரிஞ்சுது."

"சரி, கொஞ்சம் தள்ளி நில்லு."

செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் பொலெத்தே அளக்க ஆரம்பித்தாள். பிள்ளை நின்ற இடத்தின் நடுவிலேயே துளைக்கருவியை வைத்துத் திருகினாள். ஒரு மீட்டர் போனது. இரண்டாவது துண்டைப் பூட்டித் திருகினாள், இரண்டு மீட்டரும் போனது, மூன்றாவதையும் பூட்டினாள். இரண்டு மீட்டர் பதினான்கில், தன் வீட்டெதிரே அவள் இத்தனை வருடம் நின்ற இடத்தின் அளவில், தண்ணீர் வரும் என்று கையைத் தளர்த்தினாள். வரவில்லை. இன்னும் திருகினாள். மூன்றாவது துண்டும் பிடிவரை இறங்கியது. துளையிலிருந்து உலர்ந்த வெள்ளைப் பொடிதான் வந்துகொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்டாள். அடியில் கடலின் சத்தமே இல்லை. இந்த உலகத்தில் தன்னைவிட அதிகமாக யாரும் காத்திருந்திருக்க முடியாது என்றுதான் பொலெத்தே ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். பனியில் கன்னத்தை வைத்தபடி அப்படியே கிடந்து அழுதாள். பிள்ளை அருகில் குந்தி அவள் குல்லாயைச் சரிசெய்துவிட்டாள்.

பிறகு பொலெத்தே எழுந்து கையுறையைக் கழற்றி, தேதி, நேரம், காற்றின் சூடு எல்லாவற்றையும் நோட்டில் வழக்கம்போல எழுதினாள். கனம் என்ற இடத்தில் டோர்பெனுக்கு ஒரு குறிப்பு எழுதினாள்: "மூன்று மீட்டர் போட்டேன். தண்ணீர் வரவில்லை. இன்னும் நீளமான கருவி அனுப்பவும்."